பள்ளிக்குள் நுழைந்த வேப்: பையைச் சோதித்தால் தீருமா?

அமெரிக்காவின் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 2017-ல் 11.7 சதவீதம் பேர் மின்சிகரெட், அதாவது வேப், புகைத்துவந்தார்கள். 2019-ல் அது 27.5 சதவீதமாக எகிறியது. இரண்டே ஆண்டில் நடந்த இந்த ஏற்றத்தில் ஜூல் என்ற கருவிக்குப் பெரும்பங்கு உண்டு. 2015-ல் விற்பனைக்கு வந்த அது, பார்ப்பதற்குப் பென் டிரைவ் மாதிரியே இருக்கும். மடிக்கணினியில் செருகி சார்ஜ் போடலாம். நிகோடினுடன் பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்து உப்பாக மாற்றியதால் தொண்டை எரிச்சல் குறைந்தது. புதிதாக இழுக்கும் பிள்ளைக்கு இருமல் என்ற இயற்கையான தடைகூட இல்லாமல் போனது. கருவியில் பொருத்தும் ஒரு திரவக் குப்பியில் ஏறத்தாழ ஒரு பாக்கெட் சிகரெட்டுக்குச் சமமான நிகோடின் இருப்பதாக அந்த நிறுவனமே சொன்னது.

கருவியின் கதை பலருக்கும் தெரியும். அது எந்த இடத்தில் வேரூன்றியது என்பதை நாம் போதுமான அளவு யோசிக்கவில்லை. சிகரெட்டுக்கு நெருப்பு வேண்டும், நாற்றமும் காட்டிக்கொடுக்கும். அதனால் அந்தக் காலத்து மாணவர்கள் பள்ளிச் சுவருக்கு வெளியே போனார்கள். வேப் அப்படியில்லை. சட்டைக் கைக்குள் மறைத்து ஒரு இழுப்பு இழுத்து, மூச்சை அடக்கிப் புத்தகப் பைக்குள் ஊதிவிட்டால் சில நொடிகளில் ஆவி கலைந்துவிடும். மிஞ்சுவது லேசான பழவாசனைதான். கழிவறை, படிக்கட்டு, சில வேளை கடைசி பெஞ்சுகூடப் புகைக்கும் இடமாயின. 2021-ம் ஆண்டின் அமெரிக்கத் தேசியக் கணக்கெடுப்பில், முதல் முறை ஏன் இழுத்தீர்கள் என்ற கேள்விக்கு அதிகம் பேர், 57.8 சதவீதத்தினர், நண்பர் பயன்படுத்தியதைக் காரணமாகச் சொன்னார்கள். தொடர்ந்து புகைப்பவர்களில் 43.4 சதவீதத்தினர் பதற்றம், மன அழுத்தம், மனச்சோர்வு ஆகியவற்றைக் குறிப்பிட்டார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு நட்பும் அழுத்தமும் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. ஆகவே பள்ளியை வேப்பிங் நடக்கும் வெறும் கட்டடமாகப் பார்ப்பது தவறு. அதை வளர்க்கும் காரணங்களில் ஒன்றாகவோ, தடுக்கும் காரணங்களில் ஒன்றாகவோ பள்ளியே இருக்கிறது.

இது புதிய கருத்தல்ல. லண்டனின் 12 பள்ளிகளை ஆராய்ந்து மைக்கேல் ரட்டர் குழுவினர் 1979-ல் வெளியிட்ட நூல், சேரும் பிள்ளைகளின் பின்னணியைக் கணக்கில் எடுத்த பிறகும் பள்ளிக்குப் பள்ளி நடத்தையில் வேறுபாடு இருப்பதைக் காட்டியது. 1997-ல் மைக்கேல் ரெஸ்னிக் குழு அமெரிக்க வளரிளம் பருவத்தினரிடம் நடத்திய பெரிய ஆய்வில், 'இந்தப் பள்ளி என்னுடையது, ஆசிரியர்கள் என்னை நியாயமாக நடத்துகிறார்கள்' என்று உணர்ந்த பிள்ளைகளிடம் சிகரெட், மது, வன்முறை எல்லாமே குறைவாக இருந்தன.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். பள்ளியைப் பிடிக்காத பிள்ளைகள்தானே புகைக்கிறார்கள், பள்ளி எப்படிக் காரணமாகும்? கணக்கெடுப்பை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. கிறிஸ் பொனெல் குழுவினர் தென்கிழக்கு இங்கிலாந்தில் செய்த சோதனை அதனால்தான் முக்கியமாகிறது. 40 மேல்நிலைப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்த குழு அமைத்து, பள்ளி விதிகளையும் பிரச்சினைகளையும் அவர்களே கூடிப் பேசினார்கள். சண்டை வந்தால் தண்டனைக்கு முன் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி, கெட்ட உறவைச் சரிசெய்தார்கள். மறு பாதி வழக்கம்போல் நடந்தது. மூன்று ஆண்டுகளில் முதல் வகைப் பள்ளிகளில் மிரட்டலும் சீண்டலும் ஓரளவு குறைந்தன. புகைத்தலும் மதுவும் குறைந்தன. பின்னர் செய்த கூடுதல் பகுப்பாய்வில் மின்சிகரெட் பயன்பாடும் குறைந்திருந்தது தெரிந்தது. கூடுதல் பகுப்பாய்வு என்பதால் அந்த ஒரு முடிவை மட்டும் அளவுக்கு மீறி நம்பக் கூடாது. ஆனால் வேப் பற்றிப் பாடமே நடத்தாமல், பள்ளியின் உறவுமுறையை மாற்றியதிலேயே இது நேர்ந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

பாடம் நடத்துவதன் பலவீனமும் நமக்குத் தெரிந்ததே. வாஷிங்டன் மாநிலத்தில் 40 பள்ளி மாவட்டங்களில் பதினைந்து ஆண்டுகள் நடந்த ஹட்சின்சன் திட்டம், மூன்றாம் வகுப்பிலிருந்து புகைத் தடுப்புப் பாடம் நடத்தியும் பலன் தரவில்லை. மாறாக வேல்ஸிலும் மேற்கு இங்கிலாந்திலும் 59 பள்ளிகளில் நடந்து 2008-ல் வெளியான சோதனையில், 'உங்களில் யாருக்கு மதிப்பு?' என்று பிள்ளைகளையே கேட்டு, அவர்கள் காட்டியவர்களுக்குப் பயிற்சி தந்து, பேச்சோடு பேச்சாகப் புகை பற்றிப் பேசவைத்தார்கள். இரண்டு ஆண்டுக் கண்காணிப்பில், அப்படிப் பயிற்சி தந்த பள்ளிகளில் மற்றவற்றைவிடப் புகைத்தல் குறைவாக இருந்தது. நண்பனால் வந்த பழக்கத்துக்கு நண்பனின் சொல்லே மருந்தானது.

கண்டிப்பு தளர்ந்தால் மற்றவர்களும் கெட்டுவிட மாட்டார்களா என்று தலைமையாசிரியர்கள் கேட்பார்கள். அந்தப் பயம் நியாயமானது; விதி இருக்கத்தான் வேண்டும். ஆனால் நிகோடினுக்கு அடிமையான பிள்ளைக்குச் சில மணி நேரத்திலேயே எரிச்சலும் தவிப்பும் தொடங்கிவிடும். அவனை ஐந்து நாள் இடைநீக்கம் செய்தால், கண்காணிக்க ஆளில்லாத வீட்டில் கருவியோடு தனியாக விடுகிறோம். பாடமும் போகிறது, பள்ளியோடு இருந்த பிடிப்பும் போகிறது. கழிவறையில் உணர்கருவி மாட்டினால் புகைக்கும் இடம் மாறுமே தவிர, தவிப்பு மாறாது. அமெரிக்க நுரையீரல் சங்கம் இடைநீக்கத்துக்குப் பதிலாக நான்கு அமர்வுகள் கொண்ட வழிகாட்டல் திட்டத்தை நடத்துகிறது. பிடிபட்ட நாளே உதவி தொடங்கும் நாளாவதுதான் சரியான கண்டிப்பு.

சந்தையை அடக்காமல் பள்ளி மட்டும் என்ன செய்யும் என்பதும் உண்மைதான். 2019 டிசம்பரில் அமெரிக்கா விற்பனை வயதை 21 ஆக்கியது. அடுத்த ஆண்டு வாசனைக் குப்பிகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. உயர்நிலைப் பள்ளிகளில் பயன்பாடு 2024-ல் 7.8 சதவீதமாக இறங்கியதில் இவற்றுக்கு இடமுண்டு. இந்தியா 2019-லேயே மின்சிகரெட்டைத் தடை செய்துவிட்டது. அந்த ஆண்டு நடந்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில், 13 முதல் 15 வயது இந்திய மாணவர்களில் 2.8 சதவீதத்தினர் ஒருமுறையாவது மின்சிகரெட்டை இழுத்திருந்தார்கள். தடை தேவை. தடையை மீறி வருவதைப் பள்ளிதான் எதிர்கொள்ள வேண்டும். நம் ஊரில் பிடிபட்டவுடன் முதலில் வருவது டி.சி. மிரட்டல். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: பிடிபட்ட பிள்ளைக்கு மறுநாள் என்ன நடக்கும்? அந்தப் பிள்ளை பயமில்லாமல் பேச இங்கே யார் இருக்கிறார்? பழக்கத்தை விட விரும்புவோருக்கு மத்திய அரசின் கட்டணமில்லா உதவி எண் 1800-11-2356.