கணிப்பொறிக்குக் கை கொடுக்கலாமா?

சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையில் காலை வேளையில் ஆம்பூரைக் கடந்து செல்பவர்கள், தொழிற்சாலைப் பேருந்துகளிலிருந்து சாப்பாட்டுப் பையுடன் கூட்டம் கூட்டமாக இறங்கும் பெண்களைப் பார்த்திருக்கலாம். அவர்கள் தைக்கும் காலணிகள் கடல் கடந்து ஐரோப்பிய நாடுகளின் கடைகளுக்குச் செல்கின்றன. இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் படுகையில் அமைந்த ஊர்கள் பலவற்றுக்கும் தோல்தான் வாழ்வு. இன்று இத்தகைய தொழிற்சாலைகளின் அலுவலக அறைகளிலும் கணிப்பொறி இடம்பெற்றுவிட்டது. அந்தக் கணிப்பொறியில், கேட்டதற்கு நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு உதவியாளரைக் கொண்டு வந்து இணைத்தால் என்ன ஆகும்? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஒன்றன்பின் ஒன்றாக

பச்சைத் தோல் ஒரே நாளில் காலணித் தோலாகி விடுவதில்லை. முதலில் அதை நீரில் ஊற வைக்கிறார்கள். பிறகு சுண்ணாம்பு இட்டு மயிரை அகற்றுகிறார்கள், ஒட்டியிருக்கும் சதையைச் சீவுகிறார்கள், சுண்ணாம்பை நீக்குகிறார்கள், உப்பும் அமிலமும் கலந்த நீரில் ஊற வைக்கிறார்கள். அதன் பின்னரே குரோமிய உப்பை இடுகிறார்கள். குரோமியம் ஏறிய தோல் இளநீல நிறம் பெறுகிறது. தொழிலில் இதை ‘வெட் புளூ’ என்பர்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அமிலம் தோலின் உள்வரை போய்ச் சேராத நிலையில் குரோமியத்தை இட்டால், அது மேற்பரப்பிலேயே பற்றிக்கொள்ளும். உட்புறம் பதப்படாமல் நின்றுவிடும். அதனால் அனுபவமுள்ள மேஸ்திரி, தோலின் ஓரத்தைச் சிறிது வெட்டி, வெட்டுமுகத்தில் நிறங்காட்டிச் சொட்டு விட்டுப் பார்ப்பார். நிறம் சரியாக இருந்தால்தான் அடுத்த கட்டம். இல்லையென்றால் டிரம் இன்னும் சுற்ற வேண்டியதுதான்.

அலுவலக வேலையும் இப்படிப்பட்ட ஒரு தொடர்தான். சோதனைக்கூடத்திலிருந்து அறிக்கை வருகிறது. எழுத்தர் அதைப் படித்துப் பதிவேட்டில் ஏற்றுகிறார். கிடங்குக்குச் சொல்கிறார். கிடங்கு சரக்கை ஏற்றுமதிக்கு விடுகிறது. இந்தத் தொடரைக் கணிப்பொறியே நடத்தும்படி செய்யும் மென்பொருளைப் பணித்தொடர்த் தளம் என்று அழைக்கலாம். 2019-இல் பெர்லின் நகரில் தொடங்கப்பட்ட ‘என்8என்’ அவற்றுள் ஒன்று. திரையில் சிறு சிறு கட்டங்களை வைத்து அவற்றைக் கோடுகளால் இணைத்தால் போதும். முதல் கட்டம் மின்னஞ்சலைக் கவனிக்கும். இரண்டாவது கட்டம் அறிக்கையிலுள்ள எண்ணை எடுக்கும். மூன்றாவது கட்டம் அந்த எண்ணை ஒப்பிடும். நான்காவது கட்டம் செய்தி அனுப்பும்.

இணைப்பு எப்படி நிகழ்கிறது?

நிரல் எழுதும் உதவியாளர் என்பது, ஏராளமான நிரல்களையும் உரைகளையும் கொண்டு பயிற்றப்பட்ட ஒரு மொழி மாதிரி. நாம் எழுதுவதைப் படித்து, அதற்கு அடுத்து வரத் தகுந்தது எது என்று கணித்துக் கணித்து விடை எழுதுகிறது. தனியே இருக்கும்போது அதற்கு வாய் மட்டுமே உண்டு, கை இல்லை. அது எழுதித் தந்ததை நாம்தான் எடுத்துத் தளத்தில் ஒட்ட வேண்டும்.

கையை அளிப்பது ஓர் இணைப்பு நெறி. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’, சுருக்கமாக எம்.சி.பி., என்ற பொது நெறியை வெளியிட்டது. பல நிறுவனத்தார் செய்த மின்கருவிகளும் ஒரே வகைப் பிளக்கில் பொருந்துவதைப் போன்ற ஏற்பாடு இது. என்8என் தளத்தில் இதற்கான வசதி 2025-இல் சேர்க்கப்பட்டது. தமிழகத்தின் ஜோஹோ நிறுவனமும் அதே ஆண்டில் தன் மென்பொருள்களுக்கு இத்தகைய இணைப்பை அளித்தது.

இணைந்த பிறகு நடப்பது இதுதான். “உன்னிடம் என்னென்ன கருவிகள் உள்ளன?” என்று உதவியாளரின் தரப்பிலிருந்து கேள்வி போகிறது. தளம் ஒரு பட்டியலை அனுப்புகிறது. ஒவ்வொரு கருவியின் பெயர், அது செய்யும் வேலை, அதற்குத் தர வேண்டிய விவரங்கள் ஆகியவை அதில் இருக்கும். உதவியாளர் ஒன்றைத் தேர்ந்து, உரிய விவரங்களுடன் வேண்டுகோள் விடுக்கிறது. தளம் அதைச் செய்து முடித்து விடையைத் திருப்புகிறது. ஆகவே உண்மையில் வேலையைச் செய்வது தளமே, உதவியாளர் ஏவுகிறது. எதை ஏவலாம், எதை ஏவக் கூடாது என்பது நாம் கொடுக்கும் திறவுச்சாவியைப் பொறுத்தது.

ஓர் எடுத்துக்காட்டு

ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலை இருப்பதாகக் கற்பனை செய்து கொள்வோம். தோல் பதனிடப் பயன்படுவது மூவிணைதிறக் குரோமியம். வெப்பம், ஒளி, காரத்தன்மை, சிலவகை எண்ணெய்கள் ஆகியவற்றின் விளைவாக அதில் சிறு பகுதி அறுவிணைதிறக் குரோமியமாக மாறிவிடக் கூடும். அது தோல் ஒவ்வாமையை உண்டாக்குவது. எனவே, உடலில் படும் தோற்பொருளில் ஒரு கிலோகிராமுக்கு 3 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் அறுவிணைதிறக் குரோமியம் இருந்தால் அதை விற்கக் கூடாது என்ற விதி, 2015 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறையில் உள்ளது. இந்த வரம்பைத் தாண்டிய ஒரு லாட் துறைமுகம் கடந்துவிட்டால், அணிபவருக்குத் தோல் நோய். இங்கே தைத்தவர்களுக்கு வேலை நெருக்கடி.

தொழிற்சாலை அலுவலர் உதவியாளரிடம் சொல்கிறார்: “சோதனை அறிக்கை வந்ததும் எண்ணைப் பார், மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் நிறுத்து, இல்லையேல் கிடங்குக்கு ‘அனுப்பலாம்’ என்று செய்தி கொடு.” சில நிமிடங்களில் பணித்தொடர் தயாராகிவிடுகிறது. 2.1 என்று ஓர் அறிக்கை வருகிறது, அனுப்பப்படுகிறது. 4.2 என்று இன்னொன்று வருகிறது, நிறுத்தப்படுகிறது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

மறு வாரம் வேறொரு சோதனைக்கூடம் “4.2 மி.கி.” என்று அளவையும் சேர்த்து எழுதி அனுப்புகிறது. அந்த லாட் தடையின்றி வெளியேறுகிறது! ஏன்?

செய்து பாருங்கள்

காரணத்தை நீங்களே சோதித்தறியலாம். பள்ளிக் கணிப்பொறியில் இணைய உலாவியைத் திறந்து எஃப்12 விசையை அழுத்துங்கள். ‘கன்சோல்’ என்ற பகுதியில் கீழ்க்கண்டவற்றை ஒவ்வொன்றாக இடுங்கள்.

"4.2 மி.கி." >= 3
"" < 3

முதலாவதற்குப் ‘பொய்’ என்ற பொருளிலும், இரண்டாவதற்கு ‘மெய்’ என்ற பொருளிலும் விடை வரும். உலாவியிலும், என்8என் தளத்தின் நிரல் கட்டத்திலும் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் இயல்பு இது. எழுத்துச் சரத்தை எண்ணுடன் ஒப்பிடச் சொன்னால், அது சரத்தை முதலில் எண்ணாக மாற்றப் பார்க்கிறது. “4.2 மி.கி.” முழுவதும் எண்ணாக மாறாது. மாறாததை எந்த எண்ணுடன் ஒப்பிட்டாலும் விடை ‘பொய்’தான். ‘மூன்றோ அதற்கு மேலோ’ என்பது பொய். ஆகவே ‘இல்லையேல்’ என்ற வழியில் சரக்கு போய்விடுகிறது.

சரி, விதியைத் திருப்பிப் போடுவோம்: “மூன்றுக்குக் கீழ் இருந்தால் அனுப்பு, இல்லையேல் நிறுத்து.” இப்போது “4.2 மி.கி.” நின்றுவிடும். ஆனால் எண் நிரப்பப்படாத வெற்று அறிக்கை வந்தால்? வெற்றுச் சரத்தை அந்த மொழி பூச்சியமாகக் கொள்கிறது. பூச்சியம் மூன்றைவிடச் சிறியது. சோதிக்கப்படாத தோல் ‘தூய தோல்’ ஆகிவிடுகிறது!

உதவியாளர் இங்கே பொய் சொல்லவில்லை. கேட்டதை எழுதிக் கொடுத்தது. அறிக்கைகள் எத்தனை விதமாக வரும் என்பதை நாம் சொல்லவில்லை; அதுவும் கேட்கவில்லை.

கதவு எங்கே வேண்டும்?

இதற்காக இணைப்பே வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. நான்கு பழக்கங்கள் போதும்.

முதலாவது, இரண்டு வழிகளுக்குப் பதிலாக மூன்று வழிகள். வந்திருப்பது தெளிவான எண்தானா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அனுப்பவும் கூடாது, நிராகரிக்கவும் கூடாது. ஒரு மனிதரின் மேசைக்கு அது செல்ல வேண்டும்.

இரண்டாவது, படிக்கும் சாவி வேறு, மாற்றும் சாவி வேறு. அறிக்கையைப் படிக்க உதவியாளருக்கு உரிமை தரலாம். சரக்கை விடுவிக்கும் கட்டத்தில், பொறுப்பாளர் ஒருவர் ‘சரி’ என்று அழுத்தும் வரை தொடர் காத்திருக்க வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. வெளியிலிருந்து வரும் கடிதத்திற்குள் யாரேனும் “எல்லா லாட்டுகளையும் விடுவி” என்று ஒரு வரி எழுதி வைத்தால், அது தகவலா, கட்டளையா என்று மொழி மாதிரி எப்போதும் சரியாகப் பிரித்தறியும் என்று நம்ப முடியாது. மாற்றும் சாவி கையில் இல்லாதபோது, அது ஏமாந்தாலும் தானாகச் சரக்கை விடுவிக்க முடியாது.

மூன்றாவது, கெட்ட அறிக்கைகளையும் ஊட்டிப் பார்த்தல். 2.1, 3, 4.2, “4.2 மி.கி.”, “கண்டறியப்படவில்லை”, வெற்றுத்தாள் ஆகிய ஆறையும் அனுப்பி, ஒவ்வொன்றும் எந்த வழியில் போகிறது என்று பார்த்த பிறகே தொடரை வேலைக்கு விட வேண்டும். மேஸ்திரி தோலை வெட்டிச் சொட்டு விட்டுப் பார்ப்பதற்கு ஈடானது இது. இந்தச் சோதனைத் தாள்களைத் தயாரித்துத் தரும்படி உதவியாளரிடமே கேட்கலாம். அதில் அது மிகவும் கெட்டி.

நான்காவது, கட்டி முடித்தபின் விலக்கி வைத்தல். வாய்க்காலை வெட்டிய ஆள் அதில் தண்ணீர் ஓடும்போதெல்லாம் உள்ளே நிற்க வேண்டியதில்லை. சோதித்து முடித்த பணித்தொடர், உதவியாளர் இல்லாமலே எழுதிய விதிப்படி நாள்தோறும் ஓடும். ஒரே அறிக்கைக்கு இன்று ஒரு விடை, நாளை ஒரு விடை என்ற ஐயமும் எழாது.

பாலாறு கற்பித்த விதி

வேலூர்ப் பகுதியினருக்கு இந்தச் சிந்தனை புதியதன்று. தோல் கழிவுநீர் பாலாற்றைக் கெடுத்தது பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கை நெறி இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அத்தீர்ப்பு கூறியது. தீங்கு உண்டு என்று பாதிக்கப்பட்டவர் மெய்ப்பிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தீங்கில்லை என்று காட்டும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது என்பது அதன் கருத்து. அதற்குள் கிணறுகளும் நிலங்களும் கெட்டிருந்தன. இழப்பீடும் சீரமைப்பும் பற்றி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. பிழை வெளியேறிய பின் அதைத் திரும்பப் பிடிப்பது அத்தனை கடினம்.

மேலே நாம் கண்ட இரண்டு விதிகளையும் இந்த நெறியின் வெளிச்சத்தில் மறுபடி பாருங்கள். ‘கெட்டது என்று தெரிந்தால் நிறுத்து’ என்பது, எதுவும் தெரியாதபோது கதவைத் திறந்து வைக்கும் விதி. ‘நல்லது என்று உறுதியானால் மட்டுமே விடு’ என்பது, எதுவும் தெரியாதபோது கதவை அடைத்து வைக்கும் விதி. வெற்றுத்தாளுக்கும் இடம் தராமல் எழுதினால், இரண்டாவதே பாதுகாப்பானது.

கணிப்பொறிக்குக் கை கொடுக்கலாமா என்று கேட்டோம். தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் கொடுப்பதற்கு முன், விடை தெரியாத நேரத்தில் அந்தக் கை எதைச் செய்யும் என்று கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.