ஒக்கிப் புயலும் பொதுக்கருத்தும்: குமரிக் கடலோரத்தை முன்வைத்து

ஊடகச் செய்தி முதலில் கருத்துத் தலைவர்களை அடைந்து, அவர்கள் வழியாகவே பிறரைச் சென்றடைகிறது என்பது இருபடி ஓட்டக் கோட்பாடு. 1940ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலையொட்டி ஒகையோ மாநிலத்தில் நிகழ்த்திய ஆய்வின்வழி, பால் லாசர்ஸ்ஃபெல்டும் உடன் ஆய்வாளர்களும் 1944இல் இக்கருத்தை முன்வைத்தனர். குமரிக் கடலோரத்தில் 2017இல் இவ்வோட்டம் எதிர்த்திசையில் நிகழ்ந்தது எனலாம்.

நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிமுனைக்குத் தெற்கே கடந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய ஊர்களின் மீனவர் பலர் ஆழ்கடலில் இருந்தனர். ஒரே படகில் செல்வோர் பெரும்பாலும் உறவினரும் அண்டைவீட்டாருமே. ஆதலால் கரை திரும்பாதவர் யார் என்பதை வீடுகள் அறிந்திருந்தன; கத்தோலிக்கப் பங்குகள் அவ்வறிவைப் பெயர்ப்பட்டியலாக்கின. அப்பட்டியல்கள் அரசின் எண்ணிக்கையோடு முரண்பட்டன.

தேடுதலைத் தீவிரப்படுத்தக் கோரி டிசம்பர் 7 அன்று குழித்துறையில் ஆயிரக்கணக்கானோர் இரயில் மறியலில் ஈடுபட்டனர். ஊரறிந்த துயரம் நாடறிந்த செய்தியாயிற்று. டிசம்பர் 12இல் முதலமைச்சரும் 19இல் பிரதமரும் மாவட்டத்திற்கு வந்தனர்.

ஆக, இங்குச் செய்தியின் ஊற்று உறவுப் பிணைப்பே; ஊடகம் அதனைப் பெருக்கியது. இதன் வரம்பும் கருதத்தக்கது. படகில் கூலிக்கு ஏறிய வெளியூர்த் தொழிலாளிக்கு அவ்வூரில் உறவில்லையெனில், அவர் பெயரைப் பட்டியலில் சேர்ப்பவர் யார்? பிணைப்பு எண்ணாதவரைப் பொதுக்கருத்தும் எண்ணுவதில்லை.