மேல்வாயும் கீழ்வாயும்: தூண் தபால் பெட்டி எப்படி இயங்குகிறது?

பழைய வீடுகளில் அடுக்களையை ஒட்டி நெல் குதிர் நிற்கும். மேல்வாயில் கொட்டுவார்கள், அடியில் இருக்கும் சிறு வாயைத் திறந்து வேண்டிய மட்டும் எடுப்பார்கள். இங்கிலாந்தின் தெருமுனைகளில் நிற்கும் வார்ப்பிரும்புத் தபால் பெட்டியும் இப்படித்தான் இயங்குகிறது. போடும் வாய் ஊருக்கே பொது. எடுக்கும் வாய் சாவி வைத்திருப்பவருக்கு மட்டும்.

பிரான்ஸில் தெருப் பெட்டிகளைக் கண்டு, கால்வாய்த் தீவுகளில் அவற்றை வைக்கலாம் என்று சொன்னவர் அஞ்சல்துறை அலுவலராக இருந்த நாவலாசிரியர் அந்தனி டிராலப். 1852இல் அத்தீவுகளில் ஒன்றான ஜெர்சியில் முதல் பெட்டிகள் வந்தன. பக்கத்துத் தீவான கெர்ன்சியின் யூனியன் தெருவில் 1853இல் நட்ட பெட்டியில் இன்றும் கடிதம் போடலாம்.

வாயை எங்கே வைப்பது என்பதில்தான் எத்தனை திருத்தங்கள்! ஆரம்பத்தில் சில பெட்டிகளுக்கு வாய் நெட்டுக்குத்தாக இருந்தது. இங்கிலாந்தில், டார்செட்டின் பார்ன்ஸ் கிராஸில் அப்படியொன்று இன்னும் நிற்கிறது. பிறகு வாய் படுக்கைவாட்டுக்கு மாறியது. 1879இல் வந்த உருளைப் பெட்டியில் அதை மிக உயரத்தில் வைத்துவிட்டார்கள். கடிதங்கள் கீழே விழாமல் உச்சியிலேயே சிக்கின. குதிரின் ஓரத்தில் நெல் தங்கினால் தட்டிவிடலாம். ஒருவர் அவசரமாக எழுதிய கடிதம் சிக்கிக் கிடப்பது யாருக்குத் தெரியும்? 1883இல் வாயைக் கீழே இறக்கினார்கள்.

எடுக்கும் பக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. நெல் அளவாகச் சரியும். கடிதக் குவியலோ கதவைத் திறந்ததும் சாலையில் கொட்டிவிடும். அதனால் கதவுக்குப் பின்னால் ஒரு கம்பிக் கூண்டு, தபால்காரர் பையை நீட்டும்வரை குவியலைத் தாங்கி நிற்கிறது.

அந்த 1879 பெட்டிகளில், வழக்கமாகப் பொறிக்கும் விக்டோரியா அரசியின் முத்திரை எழுத்து விடுபட்டுப்போனது. 1887இல்தான் மீண்டும் சேர்ந்தது. ஆகவே எழுத்தில்லாத பழைய உருளைப் பெட்டி ஒன்றைக் கண்டால், வாயின் உயரத்தைப் பார்த்தே அதன் வயதைச் சொல்லிவிடலாம். ஆண்டு எங்கும் பொறித்திருக்க வேண்டியதில்லை. நிறம் அப்படி நம்பத்தக்க சாட்சி அல்ல. முதலில் பச்சை பூசிய பெட்டிகள் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை என்று 1874 முதல் சிவப்புக்கு மாற்றினார்கள். விடுதலை பெற்ற அயர்லாந்து அவற்றுக்கு மறுபடி பச்சை பூசியது. அரச முத்திரைகளைச் செதுக்கி எறியாமல் விட்டுவைத்தது. அந்தப் பெருந்தன்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

2002இல் அஞ்சல் நிறுவனமான ராயல் மெயிலும் பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் இங்கிலிஷ் ஹெரிடேஜும் பெட்டிகளை நின்ற இடத்திலேயே, பயன்பாட்டிலேயே வைத்திருப்பது என்று உடன்பட்டன. இதைவிட நல்ல பாதுகாப்பு இருக்க முடியாது. கடிதம் எடுக்க ஆள் வந்துகொண்டிருக்கும்வரை கீல் இறுகாது, பூட்டு துருவேறாது, உரிந்த வண்ணத்தைப் பார்த்துச் சொல்லவும் ஒருவர் இருப்பார்.