உப்பளத்தில் ஒரு மாவுக்கட்டு!

தாம்பரத்துக்குத் தென்கிழக்கே, கடலோரமாக, கேளம்பாக்கம் உப்பளங்கள் இருக்கின்றன. பாத்தி பாத்தியாகக் கடல் தண்ணீர் காய்கிறது. வெள்ளை வெளேர் என்று உப்பு குவிகிறது.

அங்கே உப்பு மட்டும்தான் விளைகிறது என்று நினைக்கிறீர்களா? இல்லை! எலும்பு முறிந்தவருக்கு மாவுக்கட்டுப் போடும் சரக்கும் அந்தத் தண்ணீரில் இருக்கிறது.

முந்திக்கொள்ளும் ஜிப்சம்

1 லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. வெயிலில் தண்ணீர் சுண்டச் சுண்ட, சாப்பாட்டு உப்புக்கு முன்பே ஜிப்சம் படிந்துவிடும். பிறகு நீரை அடுத்த பாத்திக்கு விடுவார்கள். அங்கேதான் உப்பு விளையும்.

தூத்துக்குடியில் இந்த ஜிப்சத்தைத் தனியே வாரி எடுப்பது உண்டு. சிமெண்டு ஆலைகளுக்கு அது தேவை. ஜிப்சம் இல்லாத சிமெண்டு, கொத்தனார் கரண்டியை எடுப்பதற்குள் இறுகிவிடும்!

ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்தான். சுமார் 150 டிகிரி சூட்டில் வறுத்தால், அதில் முக்கால் பங்கு ஆவியாகிப் போகும். மிஞ்சும் மாவுதான் "பிளாஸ்டர் ஆப் பாரிஸ்". தண்ணீர் பட்டதும், இழந்ததைத் திரும்ப இழுத்துக்கொண்டு சில நிமிடங்களில் கல்லாகிவிடும். அப்போது சூடு எழும். "கை சுடுகிறதே" என்று சிறுவன் அழுதால் தாய்மார்கள் பதற வேண்டாம். ஆனால் கட்டுப் போட்ட பிறகு விரல் நீலமானாலோ, மரத்துப்போனாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ, உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

உப்பின் உறவினர்கள்

உப்பில் பாதிக்கு மேல் குளோரின். தனியாகப் பிரித்தால் அது விஷ வாயு! 1915-ல் பெல்ஜியத்தில் ஜெர்மானியர் அதைப் போர்க்களத்தில் ஏவினார்கள். அதே குளோரின், அளவோடு கலந்தால் குடிநீர்க் கிருமிகளைக் கொல்கிறது.

புளோரின், புரோமின், அயோடின் ஆகியவை அதன் உடன்பிறப்புகள். இந்தக் குடும்பத்துக்கு "ஹாலஜன்" என்று பெயர். கிரேக்க மொழியில் "உப்பை உண்டாக்குவது" என்று பொருள். உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரில்தான் 1826-ல் பலார் என்ற பிரெஞ்சுக்காரர் புரோமினைக் கண்டுபிடித்தார்.

அயோடின் குறைந்தால் கழுத்தில் கழலை வரும். கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியும் குன்றும். கடல் நீரில் அயோடின் இருந்தும், விளையும் உப்பில் அது போதுமான அளவு தங்குவதில்லை. அதனால் ஆலையில் சேர்க்கிறார்கள். அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்பதற்கு 2006 மே 17 முதல் நாடெங்கும் தடை உள்ளது.

பாக்கெட்டைப் பிரித்ததும் உப்பை ஜாடியில் கொட்டி, இறுக மூடி, அடுப்புக்குத் தள்ளி வைக்க வேண்டும். ஈரமும் சூடும் பட்டால் அயோடின் பறந்துவிடும்.