பிணைப்பும் வாயுவும்: பள்ளிக்கரணை தரும் பாடம்

வேதியியலின் தொடக்கப் பாடங்கள் மூலக்கூற்றுப் பிணைப்பில் தொடங்கி வாயுக்களுக்கு வந்து சேர்கின்றன. இடையே அத்தியாயங்கள் பல கிடப்பதால், இவ்விரண்டுக்கும் உறவுண்டு என்பதே நம் பிள்ளைகளுக்குப் புலப்படுவதில்லை. வேளச்சேரியில் வாழும் மாணவனுக்கு அவ்வுறவு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 2022இல் ராம்சர் தகுதி பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத்தான் குறிப்பிடுகிறோம்.

ஆக்சிஜன் எட்டாத சேற்றில் நுண்ணுயிர்கள் மட்கிய பொருள்களைச் சிதைக்கும்போது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாகின்றன. மீத்தேனில் ஒரு கார்பன், நான்கு ஹைட்ரஜன்களுடன் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுச் சகப்பிணைப்பால் இணைந்துள்ளது. அப்பிணைப்பு மிக வலிது. அப்படியாயின் மீத்தேன் ஏன் திண்மமாக இல்லை? மாணவர் பெரிதும் தடுமாறும் இடம் இதுவே. மூலக்கூற்றுக்குள் இருக்கும் பிணைப்பு வேறு. ஒரு மூலக்கூற்றுக்கும் அடுத்ததற்கும் இடையிலான ஈர்ப்பு வேறு. மீத்தேனில் பின்னது மிக மெலிது. ஆகவே அது கழி 161 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடுகிறது. ஏறக்குறைய அதே எடையுள்ள நீர், ஹைட்ரஜன் பிணைப்பின் வலிமையால் 100 பாகை வரை தாக்குப்பிடிக்கிறது. நீரின் ஆக்சிஜன் இருந்த இடத்தில் கந்தகத்தை வைத்தால் அவ்வீர்ப்பு தளர்ந்துவிடும். ஹைட்ரஜன் சல்பைடு கழி 60 பாகையிலேயே வாயுவாகிறது. நீர் கொதிக்கும்போதும் உட்பிணைப்பு அறுவதில்லை என்பதை ஆசிரியர்கள் இன்னும் அழுத்திச் சொல்லலாம்.

கி.பி. 925 அளவில் மறைந்த அர்-ராஸி, சூட்டில் ஆவியாகிப் பறக்கும் பாதரசம், நவச்சாரம், கந்தகம் முதலியவற்றை 'அர்வாஹ்' என்று ஒரு வகையாகப் பிரித்தார். ரூஹ் என்பதன் பன்மை அது. பெயரின் நயம் ஒருபுறமிருக்க, ஆவியாகும் இயல்பைக் கொண்டே பொருள்களை வகுத்த அவரது கூர்மை வியப்புக்குரியது.

1811இல் அவகாட்ரோ முன்வைத்த கருத்தின்படி, ஒரே வெப்பத்திலும் அழுத்தத்திலும் சம கனஅளவுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம். எனவே மூலக்கூற்று எடையை ஒப்பிட்டாலே எது மேலெழும், எது தாழும் என்று கணித்துவிடலாம். காற்றின் சராசரி எடை 29, மீத்தேன் 16, ஹைட்ரஜன் சல்பைடு 34.

இக்கணக்கு தேர்வுத் தாளோடு நின்றுவிடுவதன்று. கழிவுநீர்த் தொட்டியின் அடியிலும் அதே சேறு, அதே சிதைவு. சேற்றைக் கிளறியதும் அதில் அடைபட்டிருந்த வாயு ஒருசேர வெளிப்படும். சிறிதளவில் அழுகிய முட்டை போல நாறும் ஹைட்ரஜன் சல்பைடு, மிகுந்த அளவில் முகரும் உணர்வையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் நின்றது, வாயு போய்விட்டது என்று எண்ணி இறங்குபவர் மயங்கி வீழ்கிறார். மீட்க இறங்குபவரும் உடன் வீழ்கிறார். தக்க பாதுகாப்பின்றி மனிதரை இதில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பின்னும் சாவுகள் நிற்கவில்லை. மூடியைத் திறந்து சற்று நேரம் விட்டால் போதும் என்பது பலரது நம்பிக்கை. அது 16க்கு ஓரளவு பொருந்தலாம், 34க்குப் பொருந்தாது.