கறுப்பாயினும், கறுப்பும்: தமிழ்க் கிறித்தவப் பெண்களின் அழகுச் சிந்தனையில் ஓர் உம்மை

ஆய்வுச் சுருக்கம்

உடல், நிறம், அழகு ஆகியவற்றைப் பற்றித் தமிழ்க் கிறித்தவப் பெண்கள் சிந்திக்கும்போது நாடும் விவிலியப் பகுதிகளுள் ஒன்று உன்னதப்பாட்டின் முதல் அதிகாரம். அதன் தமிழாக்கத்தில் இடம்பெறும் ‘-ஆலும்’ என்னும் அமைப்பு, பெண்ணின் நிறத்தைக் குறையாக ஒப்புக்கொண்ட பின்னரே அவள் அழகை ஏற்கிறது. இந்த இலக்கணம் அன்றாடப் பேச்சிலும் வரலாற்றிலும் சமயச் சான்றுரைகளிலும் செயற்படும் விதத்தையும், பாமாவின் எழுத்து அதனின்றும் விலகிச் செல்வதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உன்னதப்பாட்டு, நிறம், உம்மை, தோள்சீலை, ஏமி கார்மைக்கேல், பாமா

ஒரு பாராட்டின் இலக்கணம்

பெண் பார்த்துத் திரும்புவோர் வாயில் இன்றும் கேட்கக்கூடிய பாராட்டு ஒன்றுண்டு: கறுப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள். சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆயினும் அத்தொடரின் முற்பாதி ஒரு தீர்ப்பை முன்வைத்துவிடுகிறது. பிற்பாதி அத்தீர்ப்பிலிருந்து விலக்கு அளிக்கிறது. ‘இருந்தால்’ என்னும் நிபந்தனை எச்சத்தோடு உம்மை சேரும்போது, எதிர்பார்க்கப்பட்ட விளைவு நிகழவில்லை என்னும் பொருள் பிறக்கிறது. கறுப்பிலிருந்து எதிர்பார்க்கப்பட்ட விளைவு அழகின்மை. அந்த எதிர்பார்ப்பைப் பேசுபவரும் கேட்பவரும் முன்பே பகிர்ந்துகொண்டிருந்தால்தான் தொடர் பொருள்படும். ‘சிவப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள்’ என எவரும் சொல்வதில்லை என்பது இதற்குப் போதிய சான்று.

தொல்காப்பியம் உம்மைக்கு எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என எட்டுப் பொருள் வகுக்கிறது. இவற்றுள் எண்ணும்மை இரு பொருள்களை ஒரு தட்டில் வைக்கும். ஒன்று மற்றொன்றைக் குறைக்காது. மேற்காட்டிய பாராட்டில் வரும் உம்மையோ சிறப்பும்மையின் பாற்பட்டது. அதிலும் இழிவு சிறப்பை ஒட்டியது. கறுப்பும் அழகும் என்பதற்கும் கறுப்பாயினும் அழகு என்பதற்கும் இடையிலுள்ள தொலைவு ஒரு பெண்ணின் வாழ்நாளை நிறைக்கக்கூடியது.

பழந்தமிழ் மரபுக்கு இந்த விலக்குத் தேவைப்படவில்லை. சங்கப் பாடல்களில் தலைவியின் மாமையே கவின். அது மாந்தளிரின் நிறம் என உரைகாரர் விளக்குவர். பிரிவால் அந்நிறம் கெட்டுப் பசலை பாய்வதே அழகின் இழப்பாகக் கருதப்பட்டது. வெளிறுதல் அங்கு நோயின் குறி.

எபிரேயத்திலிருந்து தமிழுக்கு

உன்னதப்பாட்டின் முதல் அதிகாரம் ஐந்தாம் வசனத்தில் தலைவி எருசலேம் நகரப் பெண்களை விளித்துத் தன் நிறத்தையும் அழகையும் கூறுகிறாள். மூலத்தில் ‘கறுத்தவள்’, ‘அழகியவள்’ என்னும் இரு சொற்களையும் இணைப்பது ‘வ’ என்னும் ஓரெழுத்து முன்னொட்டு. எபிரேயத்தில் ‘உம்’ என்பதே அதன் பெருவழக்கான பொருள். இடம் நோக்கி ‘ஆனால்’ என்றும் பொருள் கொள்ள இயலும். கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பு கூட்டுப்பொருள் தரும் ‘காய்’ என்னும் சொல்லை இட்டது. எரோனிமுவின் இலத்தீன் பெயர்ப்பு ‘செத்’ என்னும் எதிர்நிலைச் சொல்லைத் தேர்ந்தது. 1611-ஆம் ஆண்டின் ஆங்கில அரசர் பெயர்ப்பும் அவ்வழியே சென்றது. 1989-இல் வெளிவந்த திருத்தப்பட்ட ஆங்கிலப் பெயர்ப்பு ஒன்று மீண்டும் கூட்டுப்பொருளுக்குத் திரும்பியது.

தமிழில் 1871-இல் பவர் முயற்சியால் உருப்பெற்று இன்றுவரை சீர்திருத்தத் திருச்சபைகளில் வாசிக்கப்படும் ஐக்கியப் பெயர்ப்பு ‘-ஆலும்’ அமைப்பைக் கொண்டுள்ளது. கத்தோலிக்கரும் பிறரும் இணைந்து 1995-இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்திலும் ‘இனிமைமிகு பாடல்’ இவ்விடத்தில் விட்டுக்கொடுப்பு அமைப்பையே கையாள்கிறது.

இதனைப் பிழை எனத் தள்ளிவிட முடியாது. அடுத்த வசனத்திலேயே தலைவி, தான் கறுத்திருப்பதற்காகத் தன்னை உற்றுநோக்க வேண்டா என்கிறாள். நகரப் பெண்களின் பார்வை தன்மீது படிவதை அவள் அறிந்திருக்கிறாள். ஆகவே எதிர்நிலைப் பொருளுக்கும் சூழல் இடந்தருகிறது. எனினும் அப்பார்வை நகரப் பெண்களுடையது. ‘-ஆலும்’ என்று பெயர்க்கும்போது அவர்களுடைய அளவுகோல் அவள் வாய்ச்சொல்லாகிவிடுகிறது. அவள் தன்னைக் கேதாரின் கூடாரங்களுக்கும் சாலொமோனின் திரைகளுக்கும் ஒப்பிடுகிறாள். இரண்டு உவமைகளையும் அவள் தயக்கமின்றி அடுக்குகிறாள். மூலம் திறந்து வைத்திருந்த ஒரு வாயிலைத் தமிழாக்கம் சாத்தியது என்பதே என் கருத்து. இது தனி நிகழ்வும் அன்று. ஆதியாகமத்தில் லேயாளின் கண்களைக் குறிக்கும் எபிரேயச் சொல் மென்மை, தளர்ச்சி ஆகிய இரண்டையும் சுட்டவல்லது. ஐக்கியப் பெயர்ப்பு அதனையும் குறையாகவே கொண்டது.

வெயிலும் வேலையும்

ஆறாம் வசனம் இன்னொன்றையும் சொல்கிறது. அது பெரும்பாலும் பேசப்படாமல் போகிறது. அவள் கறுத்தது வெயிலால். வெயிலில் நின்றது, உடன்பிறந்தார் சினந்து அவளைத் திராட்சைத் தோட்டக் காவலுக்கு விட்டதால். அவளது நிறம் உழைப்பின் தடம். அவ்வுழைப்பும் அவள் விரும்பி ஏற்றதன்று.

கள்ளக்குறிச்சி மாவட்டத்து மூங்கில்துறைப்பட்டு போன்ற ஊரில் இவ்வசனத்திற்கு விரிவுரை தேவைப்படாது. சாத்தனூர் அணைக்குக் கீழே தென்பெண்ணைப் பாசனத்தில் கரும்பு விளையும் பகுதி அது. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அவ்வூரின் அடையாளம். கரணை ஊன்றுதல், களையெடுத்தல், சோகை உரித்தல் எல்லாம் வெயிலில் நடக்கும் வேலைகள். தென்னார்க்காட்டுப் பகுதியில் டேனிஷ் மிஷன் வழிவந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபையும் கத்தோலிக்கப் பங்குகளும் உழைக்கும் மக்களிடையே வேரூன்றியவை. வயலில் கறுத்த பெண் தன் நிறத்துக்கு விலக்குக் கேட்க வேண்டிய இடம் கோயிலாக இருக்க வேண்டுமா என்பது இங்கு வெறும் மொழிபெயர்ப்புச் சிக்கல் ஆகாது. 1975-இல் இந்தியச் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ களிம்பு இந்த நிறவேறுபாட்டையே விலைப்பொருளாக்கியது. 2020-இல் பெயரை மாற்றிக்கொண்டது.

இசைவும் நிபந்தனையும்

தமிழ்க் கிறித்தவப் பெண்ணின் உடல் பொதுவெளியில் வழக்குப் பொருளானது முதலில் அழகை முன்னிட்டு அன்று, மானத்தை முன்னிட்டு. தென்திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக நடத்திய தோள்சீலைப் போராட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதி முழுவதும் நீடித்தது. கிறித்தவம் தழுவியோர் அதில் முன்னின்றனர். மிஷனரிமாரின் மனைவியர் வகுத்த குப்பாயம் அவர்களுக்கு இசைவளிக்கப்பட்டது. ஆனால் உயர்சாதிப் பெண்டிரைப்போல் மேலாடை அணிவது மறுக்கப்பட்டது. 1859 ஜூலை 26-ஆம் நாள் வெளியான அரசாணையும், அவர்கள் எவ்வகையிலும் மார்பை மறைத்துக்கொள்ளலாம், உயர்சாதிப் பெண்களைப்போல் மட்டும் உடுத்தலாகாது என்றே கூறியது. மறைக்கலாம், ஆயினும் என்னும் இந்த ஆணையின் வாக்கிய அமைப்பு நமக்கு இதற்குள் பழகியதுதான்.

நகை பற்றிய விவாதம் வேறு திசையில் சென்றது. பேதுருவின் முதல் நிருபம் மூன்றாம் அதிகாரமும் தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபமும் புற அலங்காரத்தை விடுத்து அக அலங்காரத்தை நாடச் சொல்கின்றன. பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் பெண்கள் பொன்னைக் கழற்றுவது இதன் நேர்ப்பயன். நகையே சாதியையும் செல்வத்தையும் காட்டும் சமூகத்தில் இதற்கு ஒரு சமன்படுத்தும் ஆற்றல் உண்டு என்பதை மறுக்க இயலாது. ஆயினும் அழகு உள்ளே இருக்கிறது என்று கூறும்போது வெளியே இருப்பதைப் பற்றிய பழைய தீர்ப்பு தொடப்படாமலே நிற்கிறது.

நீலக்கண் கதை

பெண்கள் ஐக்கியக் கூட்டங்களிலும் ஞாயிறு பள்ளிகளிலும் தன்னேற்புக்குச் சான்றாக விரும்பிச் சொல்லப்படுவது ஏமி கார்மைக்கேலின் (1867-1951) இளமைக்கதை. அயர்லாந்தில் பிறந்த அவர், தம் பழுப்புநிறக் கண்கள் நீலமாக வேண்டும் என்று சிறுமியாக இருக்கையில் வேண்டிக்கொண்டார். காலையில் கண்ணாடி பார்த்து ஏமாந்தார். பின்னாளில் திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில், கோயில்களுக்கு ஒப்படைக்கப்படவிருந்த சிறுமியரை மீட்கும் பணியில், இந்திய உடையில் நடமாட அப்பழுப்புக் கண்களே உதவின என்று கதை முடியும். கடவுள் பிழையாகப் படைக்கவில்லை என்பது கேட்போர் பெறும் ஆறுதல்.

ஆறுதல் மெய்யே. ஆனால் அதைக் கேட்கும் தமிழ்ச் சிறுமியரின் கண்களும் பழுப்பும் கறுப்பும் ஆனவை. தங்களுடையதைப் போன்ற கண்கள் முதலில் ஓர் ஏமாற்றமாக இருந்தன என்பதையும், பயன் கருதியே அவை பின்னர் ஏற்கப்பட்டன என்பதையும் அவர்கள் அக்கதையின் வழியே அறிகிறார்கள். 139-ஆம் சங்கீதம் இவ்வகையில் கூடுதல் வலிமையுடையது. கருவிலேயே உருவாக்கப்பட்ட உடலை வியப்புக்குரியது என அது கொண்டாடுகிறது; அந்த உடல் எதற்குப் பயன்படும் என்று வினவுவதில்லை.

அளப்பவர் யார்?

பாமாவின் ‘கருக்கு’ (1992), ‘சங்கதி’ (1994) ஆகிய நூல்கள் இச்சிந்தனையை வேறோர் இடத்திலிருந்து தொடங்குகின்றன. துறவற சபையில் சில ஆண்டுகள் வாழ்ந்து வெளியேறியவர் அவர். உடலை நோக்கிய திருச்சபைப் பார்வையை அவர் உள்ளிருந்தே அறிவார். விடுதியில் வயிறார உண்டு தேறிய சேரிப் பிள்ளைகளின் உடற்பருமனைப் பொறுப்பிலிருந்த துறவி ஒருவர் ஏளனம் செய்வதைக் ‘கருக்கு’ பதிவு செய்கிறது. மெலிந்து வந்தால் வீட்டு வறுமை சுட்டிக்காட்டப்படும். தேறினால் உண்டது சுட்டிக்காட்டப்படும். இரண்டுக்கும் நடுவே ஏற்புடைய உடல் என ஒன்று அப்பிள்ளைகளுக்கு இல்லை. கல்லூரி விருந்துக்கு உடுத்தப் பட்டுப்புடவை இல்லாமல் குளியலறையில் ஒளிந்துகொண்டதையும் அந்நூல் சொல்கிறது. அலங்காரத்தைத் துறத்தல் வேறு, அதற்கு வழியின்றி ஒளிதல் வேறு. நிருபங்கள் பேசுவது துறக்க ஏதேனும் உடைய பெண்களிடம்.

‘சங்கதி’யில் பெண்ணுடல் வேலை செய்வது, அடி வாங்குவது, பேறுகாலத்தில் துன்புறுவது, ஆடிப்பாடிச் சிரிப்பது. அழகு தனித் தலைப்பாக அங்குப் பிரிந்து நிற்பதில்லை. நிறம் பேசப்படும் இடங்களிலும், நான் போதுமானவளா என்று ஒருத்தி தனக்குள் கேட்டுக்கொள்வதைக் காட்டிலும், எங்களை அளப்பதற்கு நீங்கள் யார் என்னும் கூட்டுக்குரலே மேலோங்குகிறது. தன்னேற்பு என்னும் இக்காலச் சொல் தனிமனத்தின் பயிற்சியைக் குறிக்கிறது. பாமா காட்டுவது தெருவும் வயலும் சேர்ந்து தாங்கும் தன்மதிப்பு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் போக்கு நம் ஆய்வுகளில் மிகுதி.

சென்னையில் ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு 2009-இல் தொடங்கிய நிறப்பாகுபாட்டு எதிர்ப்பு இயக்கத்தின் பெயர் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’. ஆங்கிலத்தில் அங்கு ஒரு வினை தேவைப்பட்டது. எபிரேய வசனத்தில் வினை இல்லை. கறுத்தவள், நான், அழகியவள் என்னும் பொருளுடைய சொற்கள் மட்டுமே அடுத்தடுத்து நிற்கின்றன. தமிழிலும் வினையின்றியே சொல்லலாம். தன்னைப் பற்றித் தானே கூறும் பெண்ணுக்கென்று குறிப்பு வினைமுற்று இம்மொழியில் தொன்றுதொட்டு உண்டு. மூலம் கேட்பதும் அவ்வளவே: கரியேன், எழிலேன்.