முற்றத்து ரயிலும் அயல்வீட்டுப் பூனையும்

போர் காரணமாக 1990இல் நின்ற யாழ்தேவி, 2014இல் யாழ்ப்பாண நிலையத்தை மீண்டும் அடைந்தது. நம் முற்றத்து மணலிலே சிறுவர் தண்டவாளம் பதித்து ஓட்டும் பொம்மை ரயிலோ, அயல்வீட்டுப் பூனையின் கழிவினால் நாள்தோறும் தடைப்படுகின்றது! பூனையை நோவதிற் பயனில்லை. உலர்ந்த இளமணலைத் தோண்டி மூடுதல் அதன் பிறவிக்குணம். கிடுகுவேலியும் அதனைத் தடுக்காது. மாலையில் நீர் தெளித்து மணலை இறுக்கி, தண்டவாளத்தின் இருமருங்கும் கோழிக்கூட்டுக் கம்பிவலையைப் படிய விரித்தோம். பூனை வேறிடம் தேடிச் சென்றது. (எவ்விடம் என்று நாம் வினவவில்லை.) நப்தலீன் உருண்டை மட்டும் வேண்டாம், அது பூனைக்கும் குழந்தைக்கும் நஞ்சு.

பூனைக்கழிவில் டொக்சோபிளாஸ்மா என்னும் கிருமி இருத்தல் கூடும். அது தொற்றும் வலிமை பெற ஒரு நாளேனும் செல்லுமாதலின், கழிவை அன்றன்றே அகற்றுக. கருவுற்ற மாதர் அப்பணியைச் செய்யலாகாது. விளையாடி எழுந்த சிறுவர் சவர்க்காரமிட்டுக் கைகழுவிய பின்னரே உணவுக்கு அமர்தல் வேண்டும்.